கேமராவில் எதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு வாசகி, மகளை விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்த்திருக்கிறேன், கல்லூரியில் லென்ஸைக் கழற்றி மாட்டுகிற டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கிவரச் சொல்கிறார்கள், கம்மி விலையில் எது நல்லது என்று கேட்டிருந்தார். "24 மெகாபிக்சலுக்குக் குறையாமல், லேட்டஸ்ட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்" என்று ஒன்றரை வரியில் பதில் போட்டுவிட்டீர்கள். அந்த ஒன்றரை வரிக்குள் இரண்டு தப்பு இருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் இந்தக் கடிதத்தைப் போடுங்கள், நீளமாகத்தான் இருக்கும்.

நான் காரைக்குடியில் 31 வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன். கொரோனா சமயத்தில் இறக்கிய ஷட்டரை அப்புறம் ஏற்றவில்லை. ஆனாலும் ஜூன், ஜூலை வந்தால் யாராவது ஒருவர் கேமரா பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன்னால் வருகிறவர்கள் குறைவு, வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் மெகாபிக்சல், அதாவது படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளி என்கிற கணக்கு. கேனன் 1300டி 18 மெகாபிக்சல், அதற்கு அடுத்து வந்த 1500டி 24. கேட்க மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மாதிரி இருக்கும், கடைக்காரரும் அப்படித்தான் சொல்லுவார். படத்தின் அகலத்தைப் பாருங்கள்: 18ல் 5184 புள்ளி, 24ல் 6000 புள்ளி. அகலவாக்கில் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு கூட வித்தியாசம் இல்லை. கல்யாண ஆல்பத்தில் 12க்கு 18 அங்குலப் பக்கம் முழுக்க ஒரே படம் போட்டாலும் 18 மெகாபிக்சலில் அங்குலத்துக்கு 288 புள்ளி கிடைக்கிறது, லேபில் 300 கேட்பார்கள், கண்ணுக்கு இந்த 12 புள்ளி தெரியப்போவதில்லை. நான் 6 மெகாபிக்சல் நிக்கான் டி70ஐ வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஆல்பம் போட்டுக் கொடுத்தவன். படத்தில் என் மூக்கு பெரிதாக இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு, புள்ளி குறைவு என்று யாரும் வரவில்லை.

அடுத்தது லேட்டஸ்ட் மாடல். இதில்தான் விஷயமே இருக்கிறது. செல்போனில் புது மாடல் என்றால் பழையதில் இருந்ததெல்லாம் இருக்கும், கூட நாலு இருக்கும் என்று நமக்கு ஒரு பழக்கம். மலிவு விலை டிஎஸ்எல்ஆரில் அப்படி இல்லை. விலை ஏறக்கூடாது, போட்டியும் இருக்கிறது, அப்புறம் தன்னுடைய அடுத்த விலை மாடலும் விற்க வேண்டும் என்பதால் கம்பெனிக்காரர்கள் சில புது மாடல்களில் சத்தமில்லாமல் எதையாவது கழற்றிவிடுவார்கள். நிக்கான் டி3300 என்று 2014ல் வந்தது, அதில் வெளி மைக் செருக ஓட்டை உண்டு, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் விழுந்த தூசியை உதறிவிடும் ஏற்பாடும் உண்டு. 2016ல் வந்த டி3400ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 2018ல் வந்த டி3500லும் அந்த மைக் ஓட்டை திரும்ப வரவில்லை. கேனனில் 2018ல் வந்த 3000டி இன்னும் மோசம். லென்ஸ் மாட்டுகிற வளையமே பிளாஸ்டிக், கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் கண் பவருக்கு ஏற்ற மாதிரி திருகிக்கொள்ளும் சின்னச் சக்கரம் கூடக் கிடையாது. கண்ணாடி போட்ட பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தால், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும்போது ஃபோகஸ் ஆகியிருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கேமராவைத் திட்டிக்கொண்டிருக்கும்.

போன வருஷம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். 1500டி, புதுசு, பெட்டியில் ஸ்டிக்கர் கூடக் கிழிக்கவில்லை. ஆன்லைனில் ஒரு ஃபிளாஷ் வாங்கியிருக்கிறான், மேலே மாட்டினால் எரியவில்லை. "ஃபிளாஷ் அவுட் சார், ரிட்டர்ன் போட்டேன், அடுத்ததும் எரியல சார்" என்றான். ஃபிளாஷைக் கழற்றிவிட்டு கேமரா தலைமேல் ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவை அவனுக்குக் காட்டினேன். என் பழைய டி70ஐ எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். டி70ல் நடுவில் வட்டமாக, பட்டாணி அளவில் ஒரு உலோகப் பொட்டு இருக்கும், சட்டையில் பட்டன் மாதிரி. 1500டியில் அந்த இடம் மொட்டை. அந்த நடுப்பொட்டுதான் எந்தக் கம்பெனி ஃபிளாஷையும் எரியவைக்கிற பொது இணைப்பு, எனக்குத் தெரிந்து எத்தனையோ காலமாக எல்லாக் கேமராவிலும் இருப்பது. 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் கேனன் அதை எடுத்துவிட்டது. கேனனுக்கென்றே செய்த, சுற்றியுள்ள சின்ன முனைகள் வழியாகப் பேசத் தெரிந்த ஃபிளாஷ்தான் அதில் வேலை செய்யும். நடு முனை மட்டும் வைத்த மலிவு ஃபிளாஷ், தள்ளி வைத்த ஃபிளாஷை எரியவைக்கும் பழைய டிரிக்கர் எல்லாம் வெறும் அலங்காரம். முந்தைய 1300டியில் அந்தப் பொட்டு இருந்தது. பையன் ஹாட் ஷூவை விரலால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இத எவனுமே சொல்லலயே சார்" என்றான். எப்படிச் சொல்லுவார்கள்? விளம்பரத்தில் இருப்பதைத்தான் எழுதுவார்கள், இல்லாததையா எழுதுவார்கள்?

யூடியூபுக்கு என்று வாங்குகிறவர்கள் மைக் ஓட்டை இருக்கிறதா என்று மட்டுமாவது பாருங்கள். 1300டி, 1500டி, 3000டி, டி3400, டி3500, இந்த ஐந்திலும் கிடையாது. நன்றாகப் படம் ஓடும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். வீடியோதான் முக்கியம் என்றால் 2017ல் வந்த கேனன் 200டியைச் செகண்ட் ஹேண்டில் தேடலாம், மைக் ஓட்டை, திருப்பிக்கொள்ளும் திரை, திரையைப் பார்த்து எடுக்கும்போதும் சட்டென்று பிடிக்கும் ஃபோகஸ் எல்லாம் உண்டு, அந்த நடுப்பொட்டும் உண்டு. நிக்கானில் மைக் ஓட்டைக்கு டி5300. சும்மா ரீல்ஸ் மட்டும்தான் என்றால் கையில் இருக்கும் போனே போதும், காசைச் செலவழிக்காதீர்கள்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள், செகண்ட் ஹேண்டில் நிக்கான் டி3400, கூடவே 50 எம்எம் எஃப் 1.8டி லென்ஸ். "அண்ணே, லென்ஸ் செத்துப்போனத நம்ம தலையில கட்டிட்டாங்க" என்று அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். வாங்கிப் பார்த்தேன். லென்ஸ் தங்கம் மாதிரி இருந்தது, வளையத்தைக் கையால் திருப்பினால் வெண்ணெயாக ஓடுகிறது, ஆனால் பட்டனை அழுத்தினால் அசைவதில்லை. கோளாறு இரண்டிலும் இல்லை, சம்பந்தம்தான் பொருந்தவில்லை. அந்தப் பழைய டி வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் செய்யும் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு சின்னத் திருகாணி வழியாக அதைச் சுழற்ற வேண்டும். டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் நிக்கான் அந்த மோட்டாரை வைக்கவில்லை. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதிய லென்ஸ்தான் இவற்றில் தானாக ஃபோகஸ் ஆகும். அதிலும் ஏஎஃப்-பியை டி3100, டி7000 மாதிரிப் பழைய பாடிகளில் மாட்டினால் கையால் கூட ஃபோகஸ் ஆகாது. அவர்கள் கொண்டுவந்த 50 எம்எம் லென்ஸை மோட்டார் உள்ள என் டி70ல் மாட்டினேன், கிர்ரென்று ஓடியது. அந்தப் பொண்ணு முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அந்த லென்ஸை விற்றுவிட்டு 35 எம்எம் எஃப் 1.8ஜி வாங்கச் சொல்லி அனுப்பினேன். கேனனில் இந்தத் தலைவலி இல்லை, 1987லிருந்தே மோட்டார் லென்ஸுக்குள்தான், எந்த ஈஎஃப் லென்ஸை மாட்டினாலும் எந்த ஈஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் ஓடும். முதல் கேமராவாகச் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு நான் கேனன் பக்கம் கை காட்டுவது இதற்காகத்தான், வேறு பாசம் ஒன்றும் இல்லை. பேட்டரி விஷயத்தில் நிக்கான்தான் கெட்டி. டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் என்று கணக்கு, 1500டி 500தான்.

சரி, காசை எதில் போடுவது? பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள் என்பேன். கேமராவோடு வருகிற 18-55 கிட் லென்ஸ் மோசமில்லை, பகலில் அருமையாக எடுக்கும். எங்கள் ஊர் செட்டிநாட்டு வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தில் கல்யாணம் நடக்கும்போது வந்து பாருங்கள். நடுவில் வானம் பார்த்த வெயில், சுற்றுப் பத்தியில் அரை இருட்டு. ஆச்சிமார்கள் உட்கார்ந்திருப்பது அந்த அரை இருட்டில். கிட் லென்ஸை 55ல் வைத்தால் துவாரம் எஃப் 5.6க்கு மேல் திறக்காது, எஃப் எண் சின்னதாக ஆக ஆகத்தான் துவாரம் பெரிதாகும். அங்கே ஷட்டர் வேகம் 1/15 நொடி காட்டும், கை ஆடாமல் பிடித்தாலும் ஆச்சி தலையைத் திருப்பினால் படம் கலைந்துபோகும். அதே இடத்தில் 50 எம்எம் எஃப் 1.8 மாட்டினால் ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும், 1/125ல் எடுத்துவிடலாம், தோட்டின் கல் கூடத் தெளிவாக விழும். கேனனில் 50 எம்எம் எஸ்டிஎம் என்று 2015லிருந்து இருக்கிறது, அவர்கள் லென்ஸிலேயே மலிவு விலைக்குப் பேர்போனது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், இந்தக் கேமராக்களில் சென்சார் சின்னது என்பதால் கேனனில் அந்த 50 கிட்டத்தட்ட 80 மாதிரி நெருக்கமாகக் காட்டும். நம் வீட்டு ஹாலில் குடும்பப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சுவரில் முதுகு இடிக்கும், அப்போதும் சித்தப்பா பாதிதான் தெரிவார். அதற்குக் கிட் லென்ஸை மாட்டுங்கள்.

பறவை எடுக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு இது இரண்டுமே ஆகாது. எங்கள் பக்கத்து வேட்டங்குடிப்பட்டி சரணாலயத்துக்குக் கிட் லென்ஸோடு போன என் தங்கை மகன் எடுத்துவந்த படத்தில் மரம் நன்றாக இருந்தது, மரத்தில் வெள்ளையாக இருந்தது நாரையா பிளாஸ்டிக் பையா என்று வீட்டில் பட்டிமன்றமே நடந்தது. குறைந்தது தூரத்தை இழுத்துக் காட்டும் 55-250 லென்ஸ் வேண்டும். நிக்கானில் 70-300 என்றால் கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் ஏற்பாட்டைச் சொல்லும் விஆர் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள், அது இல்லாததும் அதே பேரில் கிடைக்கும், 300ல் வைத்துக் கையில் பிடிக்க முடியாது. கேனனில் அதே வேலைக்கு ஐஎஸ் என்ற எழுத்து. இரண்டு லென்ஸ் காம்போ, பை இலவசம், கார்டு இலவசம் என்று போடும்போது இந்த எழுத்துக்கள் இருக்கின்றனவா என்று பெட்டியைத் திருப்பிப் படியுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. பத்து நிமிஷம் நிதானமாகப் பார்த்தால் போதும். உங்கள் மெமரி கார்டை எடுத்துப்போங்கள். முதலில் எஃப் 22ல் வைத்து, ஃபோகஸ் இல்லாமல், வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எள் தெளித்த மாதிரிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் சென்சாரில் தூசி. துடைத்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அடுத்து லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச் அடித்து முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். பேரில் ஜி என்று வரும் நிக்கான் லென்ஸில் கழற்றியதும் துவாரம் மூடிக்கொள்ளும், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். உள்ளே சிலந்தி வலை மாதிரிக் கிளைவிட்டிருந்தால் பூஞ்சை, அந்த லென்ஸைத் தொடாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். ஷட்டர் எத்தனை தரம் அடித்திருக்கிறது என்பதை நிக்கான் ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எழுதிவைக்கும், ஒரு படம் எடுத்து, படத்தின் உள்விவரத்தைப் படிக்கும் மென்பொருளில் பார்த்தால் தெரிந்துவிடும். கேனன் மலிவு மாடல்களில் படத்துக்குள் அது இருக்காது. அங்கே ரப்பர் பிடி உப்பியிருக்கிறதா, ஹாட் ஷூ வண்ணம் தேய்ந்து பளபளக்கிறதா என்று பார்த்துத்தான் கணிக்க வேண்டும். பளபளத்தால் மண்டபம் மண்டபமாகச் சுற்றிய கேமரா என்று அர்த்தம். அடிமட்டத் திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

பில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் கேமராவுக்கு அடியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் யார் வீட்டில் காணாமல்போன கேமராவோ. புதுசு வாங்கும்போதும் இதே கதைதான். டிஜிட்டல் கேமராவுக்கு 2017ல் 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டார்கள், 2019 ஜனவரியிலிருந்து 18 ஆக்கினார்கள். "பில் வேண்டாம்னா அதை மிச்சம் பண்ணித் தர்றேன்" என்று மெதுவாகச் சொல்லும் கடைகளை எனக்குத் தெரியும். அது பெரும்பாலும் இந்திய வாரண்டி இல்லாமல் வெளியிலிருந்து வந்த சரக்கு. கெட்டுப்போனால் சர்வீஸ் சென்டரில் வாரண்டி கார்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இப்போது டிஎஸ்எல்ஆரே வாங்கலாமா, உள்ளே கண்ணாடி இல்லாமல் வருகிற மிரர்லெஸ் வாங்கலாமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. நியாயமான கேள்வி. நிக்கான் டி3500 உற்பத்தி நின்றுவிட்டது, கேனனும் புதிதாகச் செய்வதெல்லாம் மிரர்லெஸ்தான், 2023ல் ஆர்50, ஆர்100 என்று ஆரம்ப நிலையிலேயே இறக்கிவிட்டார்கள். ஆர்100லும் கழற்றல் உண்டு, திரை தொட்டால் வேலை செய்யாது, இந்தக் காலத்தில்! கையில் காசு தாராளமாக இருந்தால் மிரர்லெஸ் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் நகையை அடகு வைத்து வாங்கும் வீட்டுக்கு, எல்லாரும் மிரர்லெஸுக்கு ஓடுவதால் செகண்ட் ஹேண்டில் வந்து குவிகிற டிஎஸ்எல்ஆர்தான் இன்றைக்கு லாபம். அதற்கு வாங்கும் ஈஎஃப் லென்ஸ்கள் நாளைக்கு நடுவே அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டால் கேனன் மிரர்லெஸிலும் தானாக ஃபோகஸ் ஆகும். நிக்கான் ஏஎஃப்-எஸ்ஸும் அப்படியே. ஐஎஸ்ஓ என்கிற வெளிச்ச உணர்திறன், ஷட்டர் வேகம், துவாரம் மூன்றையும் கையால் மாற்றி மாற்றிப் பழகுவதற்கு 2014ல் வந்த கேமராவே போதும், பிள்ளை முதல் வருஷம் முடிப்பதற்குள் எது வேண்டும் என்று அதற்கே தெரிந்துவிடும்.

இதில் கல்லூரிகளையும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. "டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கிவரவும்" என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தால் அப்பா அம்மா என்ன செய்வார்கள்? என்ன லென்ஸ், மைக் ஓட்டை வேண்டுமா, செகண்ட் ஹேண்ட் சரியா, முதல் செமஸ்டரிலேயே வேண்டுமா என்று நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். துறையில் பத்து கேமரா வைத்து முறை போட்டுக் கொடுத்தாலும் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள். நான் கற்றுக்கொண்டபோது மூன்று பேருக்கு ஒரு கேமரா, அதிலும் ஃபிலிம் ரோலுக்கு 36 படம்தான்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு தீபாவளிக்கும் தள்ளுபடி விளம்பரம் முழுப் பக்கம் வருகிறது, வரட்டும். அதற்கு முந்தைய வாரம் அரைப் பக்கம் ஒதுக்கி, அந்த விளம்பரத்தில் வரப்போகிற மாடல்களில் என்னென்ன இல்லை என்று ஒரு அட்டவணை போடுங்கள். ஹாட் ஷூ, மைக், மோட்டார், ஐஎஸ், கண் பவர்ச் சக்கரம். ஐந்து கட்டம்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டூடியோக்காரர்,
காரைக்குடி.

பி.கு.: கேமராவைப் பையோடு பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே பூட்டி வைக்காதீர்கள், காற்றோட்டமில்லாமல் ஈரம் தங்குகிற இருட்டில்தான் பூஞ்சை பிடிக்கும், சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்கள் முக்கியமாக. இறுக்க மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை இழுக்கும் நீல சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், ஈரம் இழுத்து நீலம் ரோஸ் ஆனால் வாணலியில் லேசாக வறுத்து நீலமாக்கிக்கொள்ளலாம், ஆனால் அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள், என் வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்னொன்று, அந்த டி70ஐ நான் விற்கப்போவதில்லை. இந்தக் கடிதம் வந்தால் அதைக் கேட்டுத்தான் நாலு பேர் வருவார்கள் என்று தெரியும்.